கம்பம் நட்ட ஊரில் ஒரு சொட்டுத் தயிர்

தயிருக்குள் உயிர் இருக்கிறது என்று நான் அறிவித்தபோது ஊரில் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தார்கள். சித்தப்பா இருந்தார். அம்மாவிடம் நாள் தவறாமல் தயிர் வாங்கும் மேக்காலத் தோட்டத்து அம்மா, தன் இரண்டு மருமகள்களோடு இருந்தார். கோயில் பூசாரி கூட, எரிமலை காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து நின்றிருந்தார். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர்கள் மூன்று பேர். எங்கள் அறிவியல் ஆசிரியர் தலைமை விருந்தினரை அழைத்துவர பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார். அப்பா லாரியில் நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தார். அம்மா தலையில் தயிர்ப்பானையோடு கிழக்கு வளவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். இந்த மூவரில் ஒருவர் இருந்திருந்தாலும் காரியம் கைமீறிப் போயிருக்காது என்று சித்தப்பா பிற்பாடு சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு என்னை நிறுத்தக்கூடியவர் யாரும் அந்த வட்டாரத்தில் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் அறிவியலில் முதல் மதிப்பெண் எடுத்தவன். எங்கள் வீட்டில் எனக்கு முன் ஒன்பதாம் வகுப்பைக் கண்ணால் பார்த்தவர்களே கிடையாது.

சேந்தமங்கலம் போகிற சாலையில், கொல்லிமலை பக்கவாட்டில் தெரிய இருந்தது எங்கள் ஊர். மாசிக் கடைசியில் மாரியம்மன் நோம்பி, எங்கள் ஊர்த் திருவிழா. கோயிலுக்கு முன்னால் மூன்று கிளையுள்ள மரத்தை வெட்டி நடுவார்கள்; அதுதான் கம்பம். நட்ட நாளிலிருந்து பதினைந்து நாள், அம்மனுக்குப் பொங்கல் வைத்து முடிந்து கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும் வரைக்கும், ஊருக்குள் ஒரு வீட்டிலும் கவுச்சி கூடாது. ஆடு, கோழி, முட்டை, கருவாடு எதுவும் கிடையாது. கம்பம் நடும்போது ஊரில் இருந்தவர் வெளியூர் போய் இராத்தங்கவும் கூடாது. இந்த இரண்டாவது விதி எங்கள் வீட்டில் இரண்டு விதமாக வேலை செய்தது. போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்கு இருந்த சித்தப்பா, கம்பம் நடுவதற்கு முதல் நாளே ஊர் வந்து சேர்ந்துவிட்டால் பதினைந்து நாளும் யாரும் தன்னைக் கூப்பிட முடியாது என்று கணக்குப் போட்டு, வந்து உட்கார்ந்துகொண்டார். பதினைந்து நாள் சம்பளம் போய்விடுமே என்று பயந்து, அதே முதல் நாளில் அப்பா லாரி ஏறிவிட்டார்.

அப்பா லாரியில் கிளீனர். பதினெட்டு வயதுப் பையன்கள் பார்க்கிற வேலை அது. அப்பாவுக்கு அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டியவர் அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். அப்பா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். டிரைவிங் பழகி ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டால் அப்பாவும் டிரைவர். அதற்குத்தான் அம்மா பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் சேர்ந்திருந்தது. மீதி, நோம்பித் தயிரில் வர வேண்டும். கறி இல்லாத பதினைந்து நாளில் எல்லா வீட்டுக்கும் தயிர் வேண்டும்; விருந்தாளிகள் வேறு வருவார்கள். எங்கள் இரண்டு எருமைகளின் பால் போதாது என்று அம்மா அக்கம்பக்கத்திலும் பால் வாங்கி உறை ஊற்றினாள். ஒவ்வொரு பானையாக மூடி வைக்கும்போதும் என்னிடம் சொல்வாள்: “இந்த நோம்பியோட உங்கப்பன் அந்தப் பக்கத்துச் சீட்டுல இருந்து ஸ்டீரிங்குப் பக்கம் வந்து உக்காந்துக்குவாரு, பாத்துக்க.”

இந்த நேரத்தில்தான் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். அறிவியல் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பது ஆசிரியரின் ஆசை. அவர் கடலோரத்து ஊர்க்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நோம்பிக்குச் சுற்றுவட்டாரத்துச் சனமெல்லாம் கூடும், கூட்டம் தானாக வரும் என்று யோசித்து நாள் குறித்தார். யோசனையில் பிழை இல்லை. கூட்டம் வந்தது.

எனக்குக் கிடைத்தது மைக்ராஸ்கோப் மேசை. பள்ளியில் இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தொட ஆசிரியர் என்னை மட்டும்தான் அனுமதிப்பார் என்பதால் நான் அன்று தரையில் நடக்கவில்லை. பெரிதாகக் காட்டும் லென்ஸைக் கீறல் விழுந்துவிடும் என்று ஆசிரியர் கழற்றிப் பீரோவில் பூட்டியிருந்தார். சின்ன லென்ஸ்தான் மாட்டியிருந்தது. வெங்காயத் தோலை உரித்து வைத்து, அதன் அறைகளைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை.

ஆனால் வெங்காயத்தை யார் பார்ப்பார்கள்? பக்கத்து மேசையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் களிமண் மலை செய்து, அதன் வாயில் ஆரஞ்சு நிறப் பொடியைக் கொட்டிப் பற்றவைத்தான். அது சீறிக்கொண்டு பச்சையாகப் பொங்கியது. சனம் அங்கே முண்டியடித்தது. என் மேசைக்கு வந்த ஒரே ஆள் சித்தப்பா.

ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்துவிட்டு, “என்றா இது, கட்டுன செவுரு மாதிரி இருக்குது?” என்றார்.

“வெங்காயத்தோட செல்லுங்க சித்தப்பா.”

“அவன் மலையவே வெடிக்க வெக்கறான். நீ வெங்காயத்த உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற. இதுக்கு உங்காத்தாளே போதுமே, தெனமும் உரிக்கறா.”

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. மத்தியானச் சோற்றுக்கு அம்மா தூக்குப்போசியில் தயிர் கொடுத்துவிட்டிருந்தாள். பாலைத் தயிராக்குவது நுண்ணுயிர்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி, கண்ணாடிச் சில்லில் வைத்து, சூரிய வெளிச்சம் விழும்படி மைக்ராஸ்கோப்பின் அடியிலிருந்த ஆடியைத் திருப்பினேன். உள்ளே ஆயிரக்கணக்கில் உருண்டைப் புள்ளிகள். ஒன்றுகூடச் சும்மா இருக்கவில்லை. நடுங்கின, துள்ளின, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு தவித்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தில் ஒற்றை வரியாக இருந்தது என் கண்ணுக்குக் கீழே உயிரோடு இருந்தது.

பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினேன். “தயிருக்குள்ள உசுரு! கண்ணால பாருங்க! உசுரு ஓடறதப் பாருங்க!”

எரிமலை அணைந்துபோனது. வரிசை என் மேசையிலிருந்து வாசல் வேப்பமரம் வரைக்கும் நீண்டது. ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, “அடேங்கப்பா” என்று நிமிர்ந்தார்கள். பார்த்தவர்களே மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். ஒரு சொட்டில் எத்தனை இருக்கும், ஒரு படியில் எத்தனை, ஒரு பானையில் எத்தனை என்று நான் கோடிகளில் பெருக்கிச் சொன்னேன். அந்த மாதிரி ஒரு மணி நேரம் எனக்கு அதற்குப் பிறகு வாய்த்ததில்லை.

மேக்காலத் தோட்டத்து அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் ஒருமாதிரி இருந்தது.

“நெளியுதே சாமி, நெசமாலுமே உசுருதானா?”

“உசுரேதானுங்க. சாதாரண உசுரில்லீங்க, கோடிக்கணக்குல.”

“இது யாரூட்டுத் தயிரு?”

“எங்க ஊட்டுத் தயிருங்க,” என்றேன் பெருமையாக. “நீங்க தெனமும் வாங்கறதும் இதேதானுங்க.”

அவர் மருமகள்களைப் பார்த்தார். மருமகள்கள் பூசாரியைப் பார்த்தார்கள். “அப்ப, கம்பம் நட்டதுல இருந்து பதனோரு நாளா ஊரே உசுரத் தின்னுக்கிட்டா இருக்குது?” என்று அவர் கேட்டார்.

நான் அதைச் சந்தேகம் கேட்பதாகவே எடுத்துக்கொண்டேன். “ஆமாங்க. பதனோரு நாளா மட்டுமில்லீங்க, பொறந்ததுல இருந்தே” என்று விளக்கம் கொடுத்தேன்.

அறிவியல் மக்களைச் சென்றடைந்துவிட்டது. பொழுது இறங்குவதற்குள் எல்லா வீட்டையும் சென்றடைந்தது. நான் வீடு திரும்பியபோது வாசலில் எங்கள் சட்டிகளும் பானைகளும் வரிசையாக இருந்தன. காலையில் அம்மா ஊற்றிவிட்டு வந்த தயிரை அந்தந்த வீட்டுக்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். சிலர் பாத்திரத்தை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்து அனுப்பியிருந்தார்கள். தயிரைக் குப்பைமேட்டில் கொட்டியாகிவிட்டது.

சித்தப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “ஊருல எத்தன சாமான் இருக்குது, ஒரு குண்டூசியக் காட்டியிருக்கலாம், உம்பட மசுரக் காட்டியிருக்கலாம். நங்கையா பானைக்குள்ளயா போயி உசுரத் தேடுவ?” அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் சொல்வது.

“உண்மையத்தானுங்க சொன்னேன்.”

“உண்மைதான்டா. அத நோம்பி களிச்சு சொன்னா அழுகியா போயிரும்?”

அம்மா பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். “உள்ளதச் சொல்லு கண்ணு. நெசமாலுமே உசுருதானா அது? நீ கண்ணுல பாத்தியா?”

“சத்தியமா பாத்தேம்மா. ஓடுது.”

அவள் ஒரு தயிர்ச்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, “அப்பச் செரி. பாலு கொதிக்கக் கொதிக்க உறை ஊத்துனா தோயமாட்டீங்குதே, அது இதுக்குத்தானா? வெந்து செத்துப் போயிருமாட்ட இருக்குது. பனிக்காலத்துல மொடங்கிக்கும். அதுதான் அடுப்போரமா வெச்சாத் தோயுது,” என்றாள். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. ஊருக்கு அறிவு இல்லை என்பதைப் பற்றி நான் நிறையப் பேச வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. எங்களை வரச் சொல்லி ஆள் வந்தது. அம்மா, சித்தப்பா, நான் மூவரும் போனோம். கம்பத்துக்குப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அடியில் ஈரம் காயவில்லை. விவகாரம் லேசானதல்ல என்று அங்கே போனபின்தான் எனக்கே தெரிந்தது. தயிர் கவுச்சி என்றால் ஊர் மொத்தமும் விரதம் தவறியதாகிவிடும். கம்பத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டு, பதினைந்து நாளை முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒரு கட்சி. “இன்னொரு பதனஞ்சு நாளா? எனக்கு ரிக்குல சீட்டக் கிழிச்சிருவாங்க” என்றார் சித்தப்பா, எனக்கு மட்டும் கேட்கும்படி. தயிர்க்காரி மகன் ஏதோ வித்தை காட்டி ஏமாற்றிவிட்டான் என்று இன்னொரு கட்சி.

கூட்டத்துக்குத் தலைமை ஊர்க்கவுண்டர்; நல்ல மனிதர். எல்லோரையும் ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவருக்கு. என்னை அருகில் கூப்பிட்டார்.

“இங்க பாரு சாமி. சின்னப் பையன், ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்ட. ‘அதுல உசுருமில்ல ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்’னு ஒரு வார்த்த சொல்லு. ஊரு நிம்மதியாப் பொங்கல் வெக்கட்டும், உங்காத்தாளும் பழையபடி தயிர் ஊத்தட்டும்.”

சித்தப்பா பின்னாலிருந்து முதுகில் குத்தினார். “சொல்லிப்போடு, சொல்லிப்போடு.”

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அம்மாவின் பானைகள் அன்று மாலையே காலியாகியிருக்கும். ஆனால் நான் கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது? “இல்லீங்க. உசுரு இருக்குதுங்க. இத்தன பேரும் பாத்தீங்களே. நான் பொய் சொல்லமாட்டேனுங்க” என்றேன். குரல் உடையவே இல்லை. அதை நினைத்து வருடக்கணக்கில் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஊர்க்கவுண்டர் அம்மாவைப் பார்த்தார். “நீ சொல்லும்மா உம்பையனுக்கு.”

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “அவன் சொல்லமாட்டானுங்க. சொல்லவும் வேண்டாமுங்க. நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க சொல்லுங்க. நோம்பிக்கு மொளைப்பாரி போட்டு வெச்சிருக்கறமே, ஒவ்வொரு ஊட்டுலயும். அந்தப் பயிறு எப்படி மொளைச்சுதுங்க? உசுரில்லாததா மொளைச்சுது? அதே பயித்தத்தானே இந்தப் பன்னெண்டு நாளாக் கடைஞ்சு சோத்துல ஊத்தித் தின்னுக்கிட்டு இருக்கறம்?”

அம்மா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“ஒரு கரண்டித் தயிரு ஒரு பானைப் பாலத் தயிராக்குது. ஒரு வல்லம் நெல்லு ஒரு காட்டையே நெல்லாக்குது. ரெண்டும் ஒண்ணுதானுங்க. உறை ஊத்தறதுங்கறது வெதைக்கறதுதான். எனக்கே இது நேத்துத்தான் தெரிஞ்சுது. நெல்லு கவுச்சின்னாத் தயிரும் கவுச்சி. நீங்களே சொல்லுங்க.”

பூசாரி தாடியைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். “ஏன்டா, நீ பாத்தியே அதுகளுக்கு ரத்தம் உண்டுமா?”

“ரத்தமெல்லாம் கெடையாதுங்க.”

“ரத்தமில்லாதது கவுச்சியில்ல. கம்பம் அதும்பாட்டுக்கு இருக்கட்டும்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். சித்தப்பாவின் பெருமூச்சு கோயில் மணிக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் மேக்காலத் தோட்டத்து அம்மா எழுந்திருக்கவில்லை. “தீட்டில்லீன்னாச் செரி. நான் ஒத்துக்கறேன். ஆனா அது நெளியறதப் பாத்த கண்ணு இது. இனிமே வாயில வெக்க எனக்கு ஆகாது தாயி.” அவரைச் சுற்றி இருந்த தலைகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று ஆடின. பாவம் போய்விட்டது, அருவருப்பு போகவில்லை. அதைத் தீர்க்கப் பூசாரியால் ஆகாது.

அம்மா ஒரு நொடிதான் யோசித்தாள். “அப்ப நான் ஒண்ணு செய்யறேனுங்க. பொங்கலன்னிக்கு ஊருக்கே எங்க ஊட்டு மோரு. காசு வேண்டாம். மொதத் தம்ளரு நான் குடிக்கறேன், ரெண்டாவது எம்பையன் குடிப்பான். அதுக்கப்புறமும் ஆகாதுன்னா, நான் பானையக் கவுத்து வெச்சர்றேன்.”

பக்கத்து ஊர் வரைக்கும் ஆள் அனுப்பி அவள் பால் வாங்கினாள். கொதிக்க விட்டாள், விரலை விட்டுப் பார்த்து ஆறவைத்தாள், உறை ஊற்றினாள். எல்லாம் வழக்கமான வேலைதான். இப்போது மட்டும் ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறவளைப்போல் இருந்தாள். பொங்கலன்று பங்குனி வெயில் மாசியிலேயே வந்துவிட்டதுபோல் கொளுத்தியது. கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோர், விலைக்கு வாங்கிய பனிக்கட்டி மிதக்க, கோயிலுக்கு எதிரே மூன்று அண்டாக்களில். முதல் தம்ளர் அம்மா. இரண்டாவது நான். குடித்துவிட்டு, இப்போது என் வயிற்றுக்குள் எத்தனை கோடி போயிருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். சித்தப்பா இன்னொரு தம்ளரை என் வாயிலேயே வைத்து அழுத்தினார். “குடி, குடிச்சுக்கிட்டே இரு. வாயத் தொறக்காத.”

மூன்றாவது தம்ளருக்கு ஒரு விருந்தாளிக் குழந்தை கையை நீட்டியது. அப்புறம் குழந்தையின் அப்பன். பத்து நிமிடத்தில் அண்டாவைச் சுற்றி நெருக்கியடித்தது. மேக்காலத் தோட்டத்து அம்மா தள்ளி நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏற ஏற நிழலைத் தேடி நகர்ந்து, கடைசியில் எங்கள் பந்தலுக்குள்ளேயே வந்துவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தார். திறந்து, “கொஞ்சம் உப்புப் பத்துல” என்றார். அம்மா உப்புப் போட்டுக் கொடுத்தாள். கம்பம் பிடுங்கிய மூன்றாம் நாள் அவர் வீட்டுச் சட்டி எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது.

அறிவியல் ஜெயித்தது என்று நான் அன்று முடிவு செய்தேன். அடுத்த திங்கட்கிழமை பள்ளியில் ஆசிரியரிடம் அப்படியே சொன்னேன். வெயிலும் ஓசி மோரும்தான் ஜெயித்தன என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. அதைவிடப் பெரிய அடி சேலத்தில் கல்லூரி சேர்ந்தபின் விழுந்தது. நல்ல மைக்ராஸ்கோப்பில் எருமைத் தயிரின் ஒரு சொட்டைப் பார்த்தேன். அன்று நாங்கள் பார்த்த உருண்டைகள் நுண்ணுயிர்களே அல்ல, வெண்ணெய்த் துளிகள். தண்ணீரின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நாலாப்பக்கமும் இடித்துத் தள்ளுவதால் அவை துள்ளுகின்றன. சாம்பலைக் கரைத்து வைத்தாலும் அப்படித்தான் துள்ளும். தயிரில் உயிர் உண்டு என்பது மெய். ஆனால் அதை அந்தச் சின்ன லென்ஸில் கண்டுபிடிக்க முடியாது. அந்த உயிர்கள் ஓடுவதும் இல்லை, பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. ஊர்க்கவுண்டர் சொல்லச் சொன்ன பொய், நான் காட்டிய சொட்டைப் பொறுத்தவரை, உண்மையாக இருந்திருக்கிறது. நான் சத்தியம் செய்த உண்மையில் பாதி பொய். பார்க்காமலே சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அம்மா.

இப்போதெல்லாம் சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு கிராமங்களுக்கு மைக்ராஸ்கோப் எடுத்துப் போகிறேன். தயிரும் காட்டுகிறேன், பெரிய லென்ஸில், சாயம் ஏற்றி. எது உயிர், எது வெறும் துள்ளல் என்று பிரித்துச் சொல்கிறேன். முதலில் அந்த ஊரில் என்ன நோம்பி நடக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை.

அப்பா நோம்பி முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தார். அம்மா அவரிடம் அடுப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “உசுரு ஓடுச்சாமா? எந்தப் பக்கமா ஓடுச்சு?” என்று கேட்டார். நான் மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார். மறுநாள் லாரி சாலையில் வந்து நின்றது. அவர் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். எனக்குப் பிடித்த ஜன்னல் பக்கத்துச் சீட்டு அவருக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டினேன். அவர் வலப்பக்கத்துக் கதவால் ஏற மேலும் இரண்டு வருடங்கள் ஆயின. கொட்டிய தயிர், திரும்பி வந்த தயிர், மூன்று அண்டா மோருக்கு வாங்கிய பால், சர்க்கரைமூட்டைச் சாக்கில் வந்த பனிக்கட்டி எல்லாம் சேர்ந்து, அம்மா சேர்த்த லைசென்ஸ் பணத்தில் போனது மொத்தம், அந்தக் காலத்தில், இருநூற்றுப் பதினான்கு ரூபாய்.